அம்மாவை விட்டுவிட்டு வந்த படகு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் சின்ன வயதில் போன சுற்றுலாவில் போய் நிற்கும். குற்றாலத்தில் செருப்பைத் தொலைத்தது, கன்னியாகுமரியில் சங்கு மாலை வாங்கி ஏமாந்தது, திருச்செந்தூர்க் கூட்டத்தில் தம்பியைத் தேடி அலைந்தது என்று ஆளுக்கு ஒன்று சொல்வீர்கள். என் முறை வந்ததும் காபி போடப் போகிறேன் என்று நான் எழுந்துவிடுவேன். நீங்களும் இத்தனை வருஷமாக அதைக் கவனித்ததில்லை. எங்கள் வீட்டில் தொலைந்தது செருப்பு இல்லை. கடலுக்குள் இருந்த ஒரு பாறைத் தீவில் அம்மாவை விட்டுவிட்டு நாங்கள் எல்லாரும் படகேறி வந்துவிட்டோம்.

அந்த வருஷம் நான் நாலாம் வகுப்பு முடித்திருந்தேன். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டின் பின்பாதி முழுக்கத் தறிகள். அப்பா பேண்டேஜ் துணி நெய்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார். வீட்டில் எதைத் தொட்டாலும் பஞ்சுத் தூசி கையில் ஒட்டும். சோற்றில்கூட எப்போதாவது ஒரு நூல் கிடக்கும். அம்மா அதை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு, எதுவும் நடக்காததுபோல் அடுத்த கவளத்தை உருட்டுவாள்.

அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். செண்பகத்தோப்புக்குப் போகும் வழியில் அவர்களுக்கு மாந்தோப்பும் தென்னந்தோப்பும் உண்டு. அத்தைக்கு ஒரே மகன். எங்களுக்கு அத்தான். அப்போதே இருபத்தைந்து வயதைத் தாண்டியிருந்தார். பகல் முழுக்கத் தோப்பிலேயே கிடப்பார். யாராவது பேச்சுக் கொடுத்தால் தரையைப் பார்த்துப் பதில் சொல்வார். என் அக்கா பள்ளி இறுதிப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தாள். பூகோளத்தில் பள்ளியிலேயே அவள்தான் முதல்.

பங்குனி முடியும் சமயத்தில் ஒரு சாயங்காலம் அத்தை தாம்பாளத்தில் பூவும் பழமும் வைத்துக் கொண்டுவந்தாள். உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"ஏலே தம்பி, மூத்தவள என் வீட்டுக்கு அனுப்பிரு. எம்புட்டு நாளைக்குத்தான் வீட்டுல வச்சிருப்ப?"

"இதுல கேக்கதுக்கு என்ன இருக்கு யக்கா? அவ உங்க வீட்டுப் பிள்ளைதான. மழைக்கு முன்னாடி முடிச்சிருவோம்" என்றார் அப்பா.

அவ்வளவுதான். அடுப்பில் வடை வெந்து முடிவதற்குள் அக்காவின் கல்யாணம் முடிவாகிவிட்டது. அம்மா வடைத் தட்டோடு வெளியே வந்தபோது அத்தை சிரித்துக்கொண்டே ஒரு துண்டு கல்கண்டை எடுத்து அவள் வாயில் போட்டாள். அம்மா அதை மென்றாளா, விழுங்கினாளா, எனக்கு நினைவில்லை. யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை, அதுதான் இன்றைக்கு நினைத்தால் தூக்கிவாரிப்போடுகிறது. அக்கா அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். அம்மா அவள் தலையைத் தடவுவாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் அந்தப் பயணமே கிளம்பியது. தளவாய்புரத்துக்காரர் ஒருவர் உடுப்பிப் பக்கம் போய்க் குடியேறி மொத்த மருந்துக் கடை வைத்திருந்தார். அப்பாவின் பேண்டேஜ் துணி அவர் மூலமாகத்தான் அந்தக் கரைக்கெல்லாம் போனது. 'ஒருதடவை பிள்ளைகளோடு வாங்க, கடலுக்குள்ள ஒரு எரிமலைத் தீவு இருக்கு, காட்டுதேன்' என்று அவர் ஒவ்வொரு தடவையும் சொல்வாராம். அந்த மே மாதம் அப்பா எல்லாரையும் கிளப்பிவிட்டார். அத்தையும் அத்தானும் உடன் வந்தார்கள்.

எரிமலை என்றதும் எனக்கு ரெயிலில் தூக்கமே வரவில்லை. பாடப் புத்தகத்தில் நெருப்பைக் கக்கும் மலைப் படம் பார்த்திருக்கிறேன். அதன் மேலே போய் நின்று புளியோதரை சாப்பிடப் போகிறோம் என்றால் பயம் வராதா? அக்காவை எழுப்பிக் கேட்டேன்.

"அது செத்துப்போன எரிமலைட்டி. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தி ஊத்துன குழம்பு. பேசாம படு" என்றாள்.

செத்துப்போனது என்றால் பொறவு எழுந்திரிக்காதா என்று நான் கேட்டதற்கு அவள் என் வாயைப் பொத்தினாள்.

ரெயிலும் பஸ்ஸுமாக மாறிப் போய்ச் சேர்ந்து, மறுநாள் காலையில் கடற்கரைக்கு வந்தோம். நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. நம்மூர்க் கண்மாயைப் பெரிதாக்கினால் கடல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முன்னால் நின்றது கண்மாய் இல்லை. அது நகர்ந்துகொண்டிருந்தது. உயிரோடு இருக்கும் ஒரு பெரிய மிருகத்தின் முதுகு போல ஏறி இறங்கியது. நான் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவளும் நடுங்கிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவளுக்கும் அதுதான் முதல் கடல்.

மருந்துக் கடைக்காரர் இரண்டு மோட்டார்ப் படகு பேசியிருந்தார். அவர் வீட்டு ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். போகும்போது நாங்கள் எல்லாரும் ஒரே படகில் இருந்தோம். டீசல் புகையும் மீன் வாடையும் மூக்கில் ஏறின. அப்பா பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். தறிக்கூடத்தில் அத்தனை பேரை அதட்டி வேலை வாங்கும் அப்பா அப்படி உட்கார்ந்திருந்தது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது.

பாதி தூரத்தில் படகுக்காரர் என்னவோ கத்தினார். பக்கத்திலேயே தண்ணீர் பிளந்து, கறுப்பாக, வழுவழுப்பாக ஒன்று எழுந்து வளைந்து உள்ளே போனது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு ஒரு கூட்டம்.

"டால்பின்! டால்பின்!" என்று மருந்துக் கடைக்காரர் எழுந்து நின்றார்.

அத்தை "முருகா!" என்று கண்ணைப் பொத்தினாள். அம்மா சிரித்தாள். வாயைப் பொத்தாமல், பல் தெரிய, உடம்பு குலுங்க. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "அங்க பாருட்டி, குட்டியும் வருது! தாயை ஒட்டிக்கிட்டே வருது!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். யாரோ வேறு ஒரு பெண் எங்கள் படகில் ஏறிவிட்டதுபோல் இருந்தது.

தீவு கிட்ட வந்தது. கறுத்த கல்தூண்கள். யாரோ செதுக்கி, பட்டை போட்டு, நெருக்கமாக அடுக்கி நட்டு வைத்ததுபோல ஆயிரக்கணக்கில் நின்றன. சில தூண்கள் ஆள் உயரம். சில சாய்ந்து கிடந்தன. சில முறிந்து, உட்காரத் தோதாக முக்காலிபோல் இருந்தன. அத்தை இறங்கியதும் குனிந்து ஒரு தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எந்த ராசா காலத்துக் கோயிலோ, கடல் கொண்டு போயிருச்சு" என்றாள்.

"கோயில் இல்ல அத்தை" என்றாள் அக்கா. அவள் குரலைக் கேட்டே எத்தனையோ நாளாகியிருந்தது. "பூமிக்குள்ள இருந்து வந்த நெருப்புக் குழம்பு. ஆறும்போது சுருங்கும்ல, அப்போ இப்படிப் பட்டை பட்டையா வெடிச்சிரும். கண்மாய் வத்துனா சேறு வெடிக்குதுல்லா, அதே மாதிரிதான். இது ஆழமா வெடிச்சிருக்கு."

மருந்துக் கடைக்காரர் அசந்துபோனார். "காலேஜ் பசங்கள எத்தனையோ தடவை கூட்டியாந்திருக்கேன். ஒருத்தனும் இம்புட்டுத் தெளிவாச் சொன்னதில்ல" என்று அப்பாவைப் பார்த்தார்.

அப்பாவுக்குப் பெருமை. "எங்க இருந்துட்டி இதெல்லாம் படிச்ச?" என்று சிரித்தார்.

"படிச்சது போதும். இனிம மாங்காயி எண்ணக் கத்துக்கிட்டாப் போதும்" என்று அத்தையும் சிரித்தாள். அவள் கெட்டவள் இல்லை. அது அன்பாகச் சொன்ன பேச்சுதான். அக்கா அந்தத் தூணிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

அதன் பிறகு நான் பார்த்ததையெல்லாம் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். தூண்களுக்கு நடுவே பள்ளங்களில் கடல்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு ஊர் இருந்தது. கண்ணாடி மாதிரி இறால் குஞ்சு, முள்ளை விரித்துக்கொண்டிருந்த கறுப்பு உருண்டை, தொட்டதும் சுருங்கிக்கொள்ளும் பூ. பூ என்றுதான் தொட்டேன். அது என் விரலைக் கவ்வியது. அலறிவிட்டேன். சங்கு ஒன்று கால் முளைத்து நடந்து போனது. சிப்பிகள் மணலுக்குப் பதிலாகக் குவிந்து கிடந்தன. நடந்தால் நறநறவென்று நொறுங்கும். மேலே ஒரு செம்பருந்து சுற்றியது. அத்தை கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மத்தியானம் தென்னை மரத்தடியில் சாப்பாடு. அம்மா எல்லாருக்கும் பரிமாறினாள், மருந்துக் கடைக்காரர் வீட்டு ஆட்களுக்கும் சேர்த்து. எல்லாரும் சாப்பிட்டு முடித்தபிறகு தூண் மறைவில் உட்கார்ந்து தானும் இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு தூக்குச்சட்டி, சம்படம், தட்டுகளையெல்லாம் ஒரு சாக்குப்பையில் போட்டுக்கொண்டு, "அந்தப் பக்கம் தண்ணி அலையில்லாமக் கெடக்கு. கழுவிட்டு வாரேன்" என்று பாறைகளைத் தாண்டிப் போனாள். என்னிடம்தான் சொன்னாள். நான் சிப்பி பொறுக்கும் மும்முரத்தில் தலையை ஆட்டினேன்.

எனக்காகத்தான் அத்தான் தண்ணீரில் இறங்கினார். கரையோரம் வெள்ளையாக, பாதி வெந்த முட்டை மாதிரி ஒன்று மிதந்துகொண்டிருந்தது. "இந்தா, பாக்கியா?" என்று இரண்டு கையாலும் அள்ளினார். அடுத்த நொடி அவர் போட்ட சத்தம் இருக்கிறதே, அதுவரை அந்த மனிதர் சத்தமாகப் பேசிக்கூட நான் கேட்டதில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சாட்டையால் அடித்ததுபோல் சிவப்புக் கோடுகள் எழுந்தன. கை கண் முன்னாலேயே வீங்கியது. அவர் சிப்பிகளின் மேல் விழுந்து புரண்டார்.

"என் புள்ளையப் பாம்பு கடிச்சிட்டே! ஏலே தம்பி, ஓடி வாலே!" என்று அத்தை மார்பில் அடித்துக்கொண்டாள்.

"பாம்பு இல்லம்மா, ஜெல்லி மீனு. உடனே கரைக்குக் கொண்டுபோயிரணும்" என்றார் மருந்துக் கடைக்காரர். அதே சமயம் படகுக்காரர்கள் வானத்தைக் காட்டி அவசரப்படுத்தினார்கள். மேற்கே கறுத்திருந்தது. காற்று திடீரென்று திரும்பியிருந்தது. படகுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளின.

ஒரே ஓட்டம். அத்தானை இரண்டு பேர் தூக்கி ஒரு படகில் கிடத்தினார்கள். அத்தையும் மருந்துக் கடைக்காரரும் அவரோடு ஏறினார்கள். அப்பா என்னைத் தூக்கி அடுத்த படகில் போட்டார். அக்காவும் ஏறினாள். "எல்லாரும் ஏறியாச்சா?" என்று அப்பா கத்தினார். முன் படகிலிருந்து அத்தை, "ஏறியாச்சு, ஏறியாச்சு, விடச் சொல்லுலே!" என்று கத்தினாள். அம்மா அத்தையோடு இருக்கிறாள் என்று அப்பா நினைத்தார். அம்மா எங்களோடு இருக்கிறாள் என்று அத்தை நினைத்தாள். நானும் அக்காவும் அப்பா நினைத்ததையே நினைத்தோம். மோட்டார் பிடித்துக்கொண்டது. அலை படகை அடித்த அடியில் நான் அக்கா மடியில் முகத்தைப் புதைத்தேன். கரை வரும்வரை நிமிரவில்லை.

கரையில் அத்தானை ஒரு காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அத்தை அவர் கையில் கட்டுவதற்கு ஈரத்துணி தேடினாள். பிறகு சொன்னாள்:

"குடிக்கத் தண்ணி குடுங்க அவனுக்கு. தூக்குச்சட்டி எங்க? சம்படம் இருந்த பையி எங்க?"

அப்பா எங்கள் படகுக்குள் எட்டிப் பார்த்தார். "இங்க இல்லையே. உங்க படகுலதான இருக்கும்?"

"எங்ககிட்ட இல்ல. உன் பொண்டாட்டிதான கழுவ எடுத்துட்டுப் போனா? அவகிட்டக் கேளு."

நம்புங்கள், முதலில் காணாமல் போனது பாத்திரம்தான். பாத்திரத்தைத் தேடித்தான் அம்மாவைக் காணோம் என்று கண்டுபிடித்தார்கள்.

அப்பாவின் முகம் எப்படி ஆனது என்று எனக்கு இன்றைக்கும் சொல்ல வராது. பிறகு ஆடையோடு இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி நடந்தார். நீச்சல் தெரியாதவர். மருந்துக் கடைக்காரர் பின்னாலேயே ஓடி இழுத்தார். படகுக்காரர்களிடம் அவர்கள் பாஷையில் கெஞ்சினார். ஒருவர் முடியவே முடியாது என்று கையை விரித்தார். இன்னொருவர், வயதானவர், கடலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஏறு என்று சைகை காட்டினார். நான் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டேன். பிரிக்க முடியாமல் என்னையும் தூக்கிப் போட்டார்கள். அக்கா யாரையும் கேட்காமல் ஏறிக்கொண்டாள். மருந்துக் கடைக்காரரும் கூட வந்தார்.

திரும்பிப் போன அந்தப் பயணம் முழுக்க அப்பா வாந்தி எடுத்தார். எடுத்துவிட்டு வாயைத் துடைக்காமல் தீவையே பார்த்தார். ஒரு அலை உச்சிக்குப் போனால் தீவு தெரியும். இறங்கினால் தண்ணீர்ச் சுவர் மட்டும்தான். அக்கா என் கையை நெரித்தாள். அம்மா செத்திருப்பாள் என்று நான் நினைத்தேன். நீரில் விழுந்து, அந்த டால்பின்கள் இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றுகூட நினைத்தேன்.

மேகம் விலகி, சூரியன் கடலுக்கு மேல் ஒரு பனை உயரத்தில் நின்றது. தூண்களின் நிழல் நீண்டு தீவே வேறு மாதிரி ஆகியிருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. அப்பா சிப்பிகளின் மேல் வெறுங்காலோடு ஓடினார்.

"ஏட்டி! ஏ… ஏட்டி!"

காற்று அந்தக் குரலை அப்படியே விழுங்கியது. அப்பா நின்றார். பிறகு அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் வாயால் அந்தப் பெயரை நாங்கள் அதுவரை கேட்டதில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்.

பாறைகளின் அந்தப் பக்கம், முறிந்த ஒரு தூணின் மேல் அம்மா உட்கார்ந்திருந்தாள். பாத்திரங்களைக் கழுவிப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தாள். சேலை இடுப்புவரை ஈரம். பாதங்களில் சிப்பி கிழித்து ரத்தம் உறைந்திருந்தது. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

நான் ஓடிப்போய் அவள் மடியில் விழுந்தேன். அவள் உடம்பு உப்பும் வெயிலுமாக வாடை அடித்தது.

"ஒனக்கு ஒண்ணும் இல்லையே?" என்று அப்பா மூச்சு வாங்கினார்.

அம்மா இல்லை என்று தலையை ஆட்டினாள். அதன் பிறகுதான் அப்பாவுக்குக் கோபம் வந்தது. பயம் தெளிந்தால் கோபம் வரும் ஆள் அவர்.

"மோட்டார் போட்ட சத்தம் ஒனக்குக் கேக்கலையா? ஒரு கொரல் குடுத்துக் கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டுச்சு" என்றாள் அம்மா. "நான்தான் கூப்பிடல."

அப்பா சரியாகக் காதில் விழாதவர்போல ஒரு அடி முன்னால் வந்தார்.

"என்ன சொல்லுத?"

"கூப்பிடலன்னு சொல்லுதேன். மூத்தவள மதினி வீட்டுக்குக் குடுக்கோம்னு முடிவு பண்ணையில நீங்க என்னையக் கூப்பிட்டியளா? நான் அடுப்படியிலதான இருந்தேன்."

மருந்துக் கடைக்காரர் மெல்லத் திரும்பிக் கடலைப் பார்க்கிறவர்போல் தள்ளிப் போய்விட்டார்.

"இங்க வச்சாட்டி இதப் பேசுத? வா. வீட்டுல போயிப் பொறவு பேசுவோம்."

"பொறவு பேச மாட்டிய. எனக்குத் தெரியும். அவள அங்க குடுக்கல, படிக்க வைக்கேன்னு சொல்லுங்க, ஏறுதேன். இல்லைன்னா பிள்ளைகளக் கூட்டிட்டு நீங்க போங்க. நான் இங்கனயே கெடக்கேன்."

சத்தம் போடாமல், பருப்புக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள். அதுதான் எங்களை அதிகமாகப் பயமுறுத்தியது. படகுக்காரர் அந்தப் பக்கமிருந்து விசில் அடித்தார். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அப்பா அம்மாவைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், கடைசியில் அக்காவைப் பார்த்தார்.

"ஒனக்கும் இதுதான் எண்ணமாட்டி?"

அக்கா கண்ணீர் வழிய வழியத் தலையை மட்டும் ஆட்டினாள்.

அப்பா ஈர வேட்டியோடு ஒரு தூணில் உட்கார்ந்தார். பிறகு எழுந்தார். "சரி. குடுக்கல. படிக்கட்டும். வா, போவோம்" என்றார். அம்மா எழுந்து நின்றாள். நொண்டினாள். அப்பா குனிந்து பாத்திரப் பையைத் தூக்கிக்கொண்டார். வீட்டில் ஒரு தண்ணீர்ச் செம்பைக்கூட எடுத்து வைத்தறியாத மனிதர் அந்தப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளுக்கு முன்னால் பாறை ஏறினார். படகில் கரைவரை அம்மாவின் மணிக்கட்டை விடவில்லை.

மறுநாள் காலை அத்தானுக்கு வீக்கம் வடிந்திருந்தது. பஸ் ஸ்டாண்டில் வைத்தே அப்பா அத்தையிடம் சொல்லிவிட்டார். அத்தை முதலில் சிரித்தாள். பிறகு அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏலே, ஆளில்லாத தீவுல தனியா இருந்திருக்கா. ஏதோ பிடிச்சிருக்கு. ஊருக்குப் போனதும் ஒரு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி மந்திரிச்சுப் போடு. அவ பேச்சு இல்ல இது."

"இல்ல யக்கா. அவ நல்லாத்தான் இருக்கா. நான்தான் யோசிக்காம வாக்குக் குடுத்துட்டேன்" என்றார் அப்பா.

அத்தை ஊர் வரும்வரை எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வருஷம் ஆடிப்பூரத் தேருக்கு வழக்கம்போல ஸ்ரீவில்லிபுத்தூர் போக எங்களுக்கு வீடு இல்லை. அப்பா மட்டும் போய்த் தேர் பார்த்துவிட்டு, அத்தை வீட்டு வாசல்வரை நடந்துவிட்டு, உள்ளே போகாமல் கடைசி பஸ்ஸுக்குத் திரும்பினார். அவருக்கு அது பெரிய அடி. தாயில்லாத அவரை வளர்த்தவள் அத்தைதான். அம்மாவுக்கும் அது தெரியும். அன்றைக்கு அவளும் சாப்பிடவில்லை. ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

ஆவணியில் ஒரு நாள் அத்தான் வந்தார். தனியாக. சைக்கிள் கேரியரில் ஒரு தேங்காய் மூட்டை. முழங்கையில் அந்தக் கோடுகள் கறுத்து அப்படியே இருந்தன. அம்மா பதறிப்போய் நாற்காலி எடுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. தரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"அத்தை, எனக்கு உங்க மேல வருத்தம் ஒண்ணும் இல்ல. அவள நான் தூக்கி வளத்த பிள்ளைன்னுதான் நெனச்சிருக்கேன். எங்கம்மாகிட்டச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. நீங்க சொல்லிட்டிய."

சொல்லிவிட்டு மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அந்தக் கல்யாணம் கட்டிக்கொள்ளப் போகிறவர்கள் இரண்டு பேருக்குமே வேண்டாததாக இருந்திருக்கிறது. பெரியவர்கள் ஒருவரும் ஒருவரையும் கேட்கவே இல்லை.

அக்கா மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். வேலைக்குப் போனாள். தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அத்தானுக்கும் கல்யாணம் ஆனது. பேரன் பேத்தி எடுத்தார். அத்தை பிறகு எங்களோடு பேச ஆரம்பித்தாலும் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அப்பா செத்த அன்றைக்குத்தான் வந்தாள். வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்பா அந்தத் தீவிலிருந்து வந்த பிறகு வேறு மனிதர். பஸ்ஸில் அம்மா ஏறிய பிறகுதான் ஏறுவார். கோயில் கூட்டத்தில் நடுவே நின்று திரும்பிப் பார்ப்பார். தறிக்கு ஆள் சேர்ப்பதானாலும் சரி, என் கல்யாணமானாலும் சரி, "உங்க அம்மாகிட்டக் கேளு" என்பார். ஒரு பெண் தன்னை விட்டுவிட்டுப் போகத் தயாராக இருந்தாள், மோட்டார்ச் சத்தம் கேட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்பது அவரை உள்ளுக்குள் உலுக்கியிருந்தது. எங்களையும்தான். எங்கள் அம்மா அப்படிப்பட்டவள் என்று நானும் அக்காவும் பயந்தோம், பெருமைப்பட்டோம். எங்களுக்கு வாழ்க்கையில் ஒரு சிக்கல் வந்தபோதெல்லாம், அம்மா கூப்பிடாமல் இருந்தாளே என்று நினைத்துத்தான் முதுகை நிமிர்த்தினோம்.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். போன மாதம் ஒரு மத்தியானம் டிவியில் ஏதோ கடல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கட்டிலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக நான் கேட்டேன்.

"ஏம்மா, அன்னைக்குப் படகு போறதப் பாத்துக்கிட்டே எப்படிம்மா பேசாம இருந்த? நாங்க வராமலே போயிருந்தா?"

அம்மா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எங்கட்டி பேசாம இருந்தேன்? தொண்டை கிழியக் கத்துனேன். பாறை மேல ஏறி முந்தானைய ஆட்டுனேன். தண்ணிக்குள்ள எறங்கி ஓடி வந்தேன். உங்கப்பா வெள்ளச் சட்டை நல்லாத் தெரிஞ்சது. நீ அக்கா மடியில படுத்திருந்த. ஒருத்தரும் திரும்பல."

எத்தனை வருஷம். அப்பா போய்ச் சேர்ந்தே எத்தனை வருஷம்.

"பொறவு ஏன்மா கூப்பிடலன்னு சொன்ன?"

"கூப்பிட்டேன்னு சொல்லியிருந்தா அய்யோ பாவம்னு கூட்டிட்டு வந்திருப்பாரு. உங்கக்கா ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருப்பா" என்றாள் அம்மா. "தனியா உக்காந்து பாத்திரத்தக் கழுவிக்கிட்டே அழுதேன். அழுது முடிச்ச பொறவுதான் யோசிச்சேன். விட்டுட்டுப் போனதுதான் போனாங்க, நான் உங்கள விட்டதாவே இருக்கட்டும்னு."

"அப்பாகிட்ட ஒரு நாளும் சொல்லலியா?"

"சொல்லல. கடைசி நேரத்துல ஆஸ்பத்திரியில என் கையப் பிடிச்சுக்கிட்டு, அன்னைக்கு நெசமாவே கூப்பிடலையான்னு கேட்டாரு. இல்லன்னுதான் சொன்னேன். நான் கூப்பிட்டும் தனக்குக் கேக்கலன்னு தெரிஞ்சா அந்த மனுசன் தாங்க மாட்டாரு."